பயணம் போனவர் யார்? பனிப்போர்ப் பாடத்துக்கு நான்கு கேள்விகள்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் 'இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய உலகம்' என்ற பாடத்தை எடுக்கும் ஒவ்வோர் ஆண்டும் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. 1949-ல் நேட்டோ, 1955-ல் வார்சா ஒப்பந்தம், அதே ஆண்டில் பாண்டுங் மாநாடு, 1962-ல் கியூபா ஏவுகணைச் சிக்கல் என்று ஆண்டுகளும் ஒப்பந்தங்களும் வரிசையாக வரும். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், மனப்பாடம் செய்வார்கள், தேர்விலும் எழுதிவிடுவார்கள். ஆனால் அந்த நாற்பது ஆண்டுகளில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது வகுப்பறைக்குள் வராமலே போய்விடும்.

சிவகாசி வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். என் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோரின் அம்மா அல்லது அப்பா பட்டாசு ஆபீசுக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ அச்சகத்துக்கோ வேலைக்குப் போகிறவர்கள். ஆலையை 'ஆபீஸ்' என்று சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம்.

சென்ற ஆண்டு இந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, உலகம் இரண்டு முகாம்களாகப் பிரிந்து கிடந்ததைப் படம் போட்டு விளக்கினேன். நடு பெஞ்சில் இருந்த ஒரு மாணவி எழுந்து கேட்டாள்:

"சார், அப்ப அந்தப் பக்கத்து ஆளுக இந்தப் பக்கம் வந்து ஊர் சுத்திப் பாக்க முடியாதா?"

"போய் வந்தார்கள் அம்மா. தலைவர்கள், விஞ்ஞானிகள் எல்லாம் போனார்கள்" என்றேன்.

"தலைவருக சரி சார். நம்மள மாதிரி ஆளுக யாராச்சும் போயிருக்காகளா?"

அன்று அவளுக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அடுத்த சில வாரங்கள் அதைத் தேடிப் படித்தேன். படித்ததை வகுப்பில் எப்படிப் பயன்படுத்தினேன், அது கடைசியில் என்னையே எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை நம் ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

நோட்டு அட்டையில் வந்த நாடு

1980-களில் பள்ளியில் படித்தவர்களுக்கு 'சோவியத் நாடு' இதழ் நினைவிருக்கும். வழவழப்பான தாள், பளிச்சென்ற வண்ணப் படங்கள். எங்கள் தெருவில் ஒருவர் வீட்டுக்கு அந்த இதழ் வரும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அவர் வீட்டு வாசலில் நாங்கள் வரிசை கட்டி நிற்போம், படிப்பதற்காக அல்ல, நோட்டுக்கு அட்டை போட. என் கணக்கு நோட்டின் மேல் ஓராண்டு முழுக்க ஒரு பனிக்காடு இருந்தது. அறிவியல் நோட்டின் மேல் கடற்கரையில் கழுத்துத் துணி கட்டிய சிறுவர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தக் கடற்கரை கிரிமியாவில் உள்ள ஆர்த்தெக் என்ற சிறுவர் முகாமாக இருந்திருக்க வேண்டும் என்று பின்னால் புரிந்துகொண்டேன். 1925-ல் தொடங்கப்பட்ட முகாம் அது. பல நாட்டுக் குழந்தைகள் அங்கே கோடையைக் கழித்தார்கள். இந்தியக் குழந்தைகளும் போயிருக்கிறார்கள். 1965-ல் தொடங்கிய சோவியத் நாடு நேரு விருதைப் பெற்ற நம் எழுத்தாளர்கள் சிலருக்கும் சோவியத் பயணம் வாய்த்தது.

ஆக, நான் பார்த்தது ஒரு நாடு தன்னைப் பற்றி மற்றவர்களுக்குக் காட்ட விரும்பிய படம். சுற்றுலா என்பதிலேயே இந்தக் காட்டுதல் இருக்கிறது. எங்கள் சிவகாசியில் அச்சாகும் காலண்டர்களிலும் அப்படித்தான்: பனிமலை, ஏரி, ஓட்டு வீடு. அந்த ஊரில் குப்பைத்தொட்டி இருக்குமா என்று காலண்டர் சொல்லாது.

அரசே நடத்திய சுற்றுலா

இன்று நாம் சுற்றுலா என்றால் பணம் சேர்ப்போம், விடுப்பு எடுப்போம், பயணச்சீட்டு வாங்குவோம். சோவியத் ஒன்றியத்தில் வழி வேறு. வெளிநாட்டுப் பயணிகளை வரவேற்று, தங்கவைத்து, சுற்றிக்காட்ட 1929-ல் 'இன்டூரிஸ்ட்' என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. வழிகாட்டி, விடுதி, ரயில், சாப்பாடு எல்லாம் அதன் பொறுப்பு. பயணி எந்த ஊருக்குப் போகலாம், எதைப் பார்க்கலாம் என்பதும் முன்பே எழுதப்பட்டிருக்கும்.

தங்கள் குடிமக்கள் சுற்றுலாப் பயணிகளாக வெளிநாடு போவதற்கு ஸ்டாலின் காலம் முடிந்த பின்பே, 1955-ல் கதவு திறந்தது. 1958-ல் இளைஞர்களுக்கென்று 'ஸ்புத்னிக்' என்ற பயண அமைப்பு வந்தது. தொழிற்சங்கங்கள் மூலமாகவும் பயண இடங்கள் ஒதுக்கப்பட்டன. இங்கேதான் என் மாணவியின் கேள்விக்கு முதல் பதில் கிடைக்கிறது. ஆலைத் தொழிலாளிக்கும் செவிலியருக்கும் ஆசிரியருக்கும் சங்கத்தின் வழியாகச் சலுகை விலையில் விடுமுறைப் பயணம் கிடைத்தது. சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பும் இருந்தது.

எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்யும் எங்கள் ஊர்க் குடும்பங்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரிந்தது. இங்கே ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்று கூலி இல்லை. தீபாவளி முடிந்து ஆலைகள் மூடியிருக்கும் சில வாரங்களில்தான் குலதெய்வக் கோயில், குற்றாலம் என்று போய்வருவார்கள். 'லீவு போட்டாலும் சம்பளமா சார்?' என்று வகுப்பே வியந்தது.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வெளிநாடு போக விரும்பும் சோவியத் தொழிலாளி தன் வேலையிடத்திலிருந்து நன்னடத்தைக் குறிப்பு வாங்க வேண்டும். நிர்வாகத் தலைவர், கட்சிச் செயலர், தொழிற்சங்கத் தலைவர் மூவரும் கையெழுத்திட வேண்டும். அதற்கு மேலும் குழுக்கள் உண்டு. முதலில் ஒரு சோசலிச நாட்டுக்குப் போய்வந்து 'ஒழுங்காக' நடந்துகொண்டவருக்குத்தான் மற்ற நாடுகளுக்கு அனுமதி என்பது பொதுவான நடைமுறை. போகும்போதும் தனியாகப் போக முடியாது. ஒரு தலைவரின் கீழ் குழுவாகப் போக வேண்டும். வெளியூரில் தனியே கடைத்தெருவுக்குப் போவதும் கூடாது. நாட்டை விட்டு வெளியே போக அரசின் அனுமதி வேண்டும் என்ற விதி 1993-ல்தான் முழுமையாக நீங்கியது.

ஒரு கப்பலின் கதை

இந்த இரண்டு பக்கங்களையும் ஒரே இடத்தில் காட்ட ஒரு கப்பலின் கதையைச் சொன்னேன். 1956-ல் 'ஸ்டாக்ஹோம்' என்ற சுவீடன் நாட்டுக் கப்பல், 'ஆந்த்ரேயா டோரியா' என்ற இத்தாலியப் பயணிகள் கப்பலோடு அட்லாண்டிக் கடலில் மோதியது. டோரியா மூழ்கியது. ஸ்டாக்ஹோம் பிழைத்தது. 1960-ல் கிழக்கு ஜெர்மனியின் தொழிற்சங்கக் கூட்டமைப்பு அதை வாங்கியது. 'மக்களிடையே நட்பு' என்ற பொருளில் அதற்குப் புதுப் பெயர் வைத்தது. நன்றாக வேலை செய்த தொழிலாளர்கள் அதில் கடல் உலா போனார்கள்.

1961-ல் பெர்லின் சுவர் எழுந்தது. அதன் பிறகு அந்தக் கப்பலில் போனவர்களில் பலர், மேற்கு நாட்டுக் கரையோ கப்பலோ கண்ணில் பட்ட இடத்தில் கடலில் குதித்துத் தப்பினார்கள்.

"டூர் கூட்டிட்டுப் போன கப்பல்ல இருந்தே குதிச்சாகளா?" என்று ஒரு மாணவன் கேட்டான். வகுப்பு சிரித்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கியது. பயண வாய்ப்பைக் கொடுத்ததும் வெளியேறும் உரிமையைத் தடுத்ததும் ஒரே அரசுதான் என்பது அவர்களுக்கு அந்த இடத்தில் விளங்கிவிட்டது.

ஆப்பிரிக்காவுக்குப் போனவர்களும் வந்தவர்களும்

1957-ல் கானா விடுதலை பெற்றது. 1960-ல் மட்டும் 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றன. இந்தப் புதிய நாடுகளின் நட்பைப் பெற இரு முகாம்களும் போட்டியிட்டன என்று நம் பாடநூல் வழியே சொல்கிறோம். அந்தப் போட்டியில் பயணமும் ஒரு கருவி.

1957-ல் மாஸ்கோவில் உலக இளைஞர் மாணவர் விழா நடந்தது. 130-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 34,000 பேர் வந்தார்கள். ஆப்பிரிக்க இளைஞர்களை நேரில் கண்டு பேசும் வாய்ப்பு மாஸ்கோவாசிகளில் பலருக்கு அப்போதுதான் முதன்முதலாகக் கிடைத்தது. 1958-ல் தாஷ்கந்தில் ஆசிய ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு. 1960-ல் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க மாணவர்களுக்காக மாஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகம். காங்கோவின் முதல் பிரதமர் பத்ரிஸ் லுமும்பா 1961 ஜனவரியில் கொல்லப்பட்டதும் அதற்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. அங்கே இந்திய மாணவர்களும் படித்தார்கள்.

என் மாணவியின் கேள்விக்கு இரண்டாவது பதில், செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன். பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் சுமை இறக்கும் தொழிலாளியாக இருந்தவர். நாவல்கள் எழுதினார். தன் ஊரில் படிக்கத் தெரியாத மக்களே அதிகம், அவர்களுக்குத் தன் எழுத்து போய்ச் சேரவில்லை என்பதை உணர்ந்து, திரைப்படம் எடுக்க விரும்பினார். 1962-ல் மாஸ்கோவுக்குப் போய் அதைக் கற்றுவந்தார். ஆப்பிரிக்கத் திரைப்படத்தின் தந்தை என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். மூட்டை தூக்கியவர் போய்வந்திருக்கிறார் என்று நான் சொன்னபோது அந்த மாணவியின் முகத்தைப் பார்த்தேன். பெயரை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வரவேற்பு எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கவில்லை. 1963 டிசம்பரில் கானா மாணவர் ஒருவர் இறந்துபோனார். அதில் நியாயம் கேட்டும், தாங்கள் சந்தித்த இனவெறுப்பை எதிர்த்தும், ஆப்பிரிக்க மாணவர்கள் மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் ஊர்வலம் போனார்கள். சுவரொட்டியில் எழுதிய நட்புக்கும் தெருவில் கிடைத்த நட்புக்கும் இடையே தூரம் இருந்தது.

எதிர்த்திசையில், சோவியத் மக்கள் ஆப்பிரிக்காவுக்குப் பெரும்பாலும் வேலையாகவே போனார்கள். எகிப்தின் அஸ்வான் உயர் அணை நல்ல எடுத்துக்காட்டு. 1956-ல் அமெரிக்கா கடனுதவியைத் திரும்பப் பெற்றதும், நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். பின்னர் சோவியத் உதவியோடு 1960-ல் தொடங்கி 1970-ல் அணை முடிந்தது. அங்கே போன பொறியாளர்களும் அவர்கள் குடும்பத்தினரும் விடுமுறை நாளில் நைல் கரையின் பழங்கோயில்களைப் பார்த்தார்கள். அவர்களை எந்தச் சுற்றுலாக் கணக்கிலும் சேர்க்க மாட்டார்கள், ஆனால் பார்த்தவர்கள் அவர்கள்தாம்.

இதை விளக்க எகிப்து வரை போக வேண்டியதில்லை. நெய்வேலி போதும். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது. 1962-ல் அதில் மின் உற்பத்தி தொடங்கியபோது தமிழ்நாட்டின் முதலமைச்சர் விருதுநகர்க்காரரான காமராசர். இன்று கூடங்குளம் அணுமின் நிலையப் பணிக்கு வந்திருக்கும் ரஷ்யர்களைக் கன்னியாகுமரியில் பார்த்திருப்பதாக என் வகுப்பில் ஒரு மாணவன் சொன்னான். அஸ்வானும் நெய்வேலியும் கூடங்குளமும் ஒரே நூலில் கோத்தவை.

ஏன் கூட்டம் பெருகவில்லை? பணம்தான் காரணம்

இவ்வளவு நட்பு இருந்தும் சோவியத் முகாமுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே விடுமுறைச் சுற்றுலா பெரிதாக வளரவில்லை. தூரமும் செலவும் அனுமதியும் தடை. அதோடு செலாவணி. இதைப் பிள்ளைகளுக்கு விளக்க ஊர் உதாரணம் ஒன்றைப் பிடித்தேன்.

"உன்னிடம் ஒரு கடையின் டோக்கன் நூறு இருக்கிறது. அந்தக் கடையில் மட்டும்தான் செல்லும். அதை வைத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏற முடியுமா?"

"கண்டக்டர் இறக்கி விட்டுருவாரு சார்."

ரூபிளின் நிலை ஏறத்தாழ அதுதான். அது சோவியத் எல்லைக்கு வெளியே செல்லாது. நம் ரூபாயும் அந்தக் காலத்தில் வெளியே எளிதில் மாற்ற முடியாத பணம்தான். புதிதாக விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகளுக்கு இயந்திரம் வாங்க டாலரும் பவுண்டும் தேவைப்பட்டன. ஆகவே கடற்கரை விடுதிகளைக் கட்டி மேற்கு ஐரோப்பியப் பயணிகளை எதிர்பார்த்தன. கையில் டாலர் இல்லாத சோவியத் பயணி அவர்களுக்கு லாபமான விருந்தாளி அல்ல. சோவியத் ஒன்றியமும் தன்னிடமிருந்த டாலரை உல்லாசப் பயணத்துக்குக் கொடுக்கத் தயாராக இல்லை. தன் ஊரிலேயே வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டும் பொருள் விற்கும் 'பெரியோஸ்கா' கடைகளை நடத்தி டாலர் சேர்த்த நாடு அது.

இதற்கு அவர்கள் கண்ட ஒரு வழி, பணமில்லாப் பரிமாற்றம். 'எங்கள் பிள்ளைகள் முப்பது பேரை உங்கள் ஊரில் பத்து நாள் வைத்துப் பாருங்கள். உங்கள் முப்பது பேரை நாங்கள் வைத்துப் பார்க்கிறோம்.' திருவிழாவுக்கு உறவினர் வீட்டில் தங்கிவிட்டு, அவர்கள் ஊர்த் திருவிழாவுக்கு நாம் அழைக்கப்படுவது போன்ற கணக்குதான். இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் 1953-ல் வணிக ஒப்பந்தம் செய்து, ரூபாய்க் கணக்கிலேயே கொடுக்கல் வாங்கலை வைத்துக்கொண்டதையும் இந்த இடத்தில் சேர்த்துச் சொல்லலாம். பொருளியல் பாடத்தில் வரும் அந்நியச் செலாவணி இங்கே எளிதாகப் புரிகிறது.

காலம் மாறியதும் காட்சியும் மாறியது. சோவியத் ஒன்றியம் 1991-ல் கலைந்த பிறகு, கையில் பணமும் கடவுச்சீட்டும் கொண்ட ரஷ்யர்கள் எகிப்தின் செங்கடல் கரையில் குவிந்தார்கள். 2015 அக்டோபர் 31 அன்று அங்கிருந்து திரும்பிய ரஷ்யப் பயணிகள் விமானம் சினாய்ப் பகுதியில் விழுந்து 224 பேர் இறந்தனர். ரஷ்யா விமானங்களை நிறுத்தியது. அந்தக் கடற்கரை ஊர்களுக்கு நேரடி விமானங்கள் 2021-ல்தான் மீண்டும் வந்தன. ஆறு ஆண்டுகள் அங்கே விடுதிப் பணியாளர்கள் எப்படிப் பிழைத்திருப்பார்கள் என்று யோசிக்கச் சொன்னேன். பட்டாசுக்கு ஒரு வழக்கில் தடை வந்தால் தங்கள் வீட்டில் என்ன ஆகும் என்று தெரிந்த பிள்ளைகள் அவர்கள். ஒற்றைத் தொழிலை நம்பிய ஊரின் கதை அவர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரிந்தது.

நம் ஊரிலிருந்து போனவர்கள்

வகுப்பில் அடுத்து நம்மவர்களைப் பார்த்தோம். நேரு 1927 நவம்பரில், புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவையொட்டி மாஸ்கோ போனார். தான் கண்டதை நூலாக எழுதினார். பெரியார் 1931 டிசம்பரில் சென்னையில் கப்பலேறினார். எகிப்து, கிரீஸ், துருக்கி வழியாக சோவியத் ஒன்றியம் சேர்ந்து ஏறத்தாழ மூன்று மாதங்கள் தங்கினார். பிறகு ஐரோப்பிய நாடுகள் சிலவற்றைச் சுற்றி இலங்கை வழியாக 1932 நவம்பரில் திரும்பினார். அவருடைய அந்தப் பயணத்தில் ஆப்பிரிக்க மண்ணும் சோவியத் மண்ணும் இரண்டும் இருந்ததை வரைபடத்தில் கோடு இழுத்துக் காட்டினேன். திரும்பி வந்தவர் அதே ஆண்டின் இறுதியில் ஈரோட்டில் சமதர்மத் திட்டத்தை முன்வைத்தார். பயணம் சும்மா போய்விடவில்லை.

எங்கள் மாவட்டத்துக்காரரான காமராசர், காங்கிரஸ் தலைவராக இருந்த 1966-ல் சோவியத் ஒன்றியத்துக்கும் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சிலவற்றுக்கும் போய்வந்தார். பள்ளிப்படிப்பைச் சிறுவயதிலேயே நிறுத்திய விருதுநகர்ப் பையன், பின்னாளில் அரசு விருந்தினராக மாஸ்கோ போன செய்தி பிள்ளைகளில் பலருக்குப் புதிது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றபோது அணித்தலைவர் தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரன் என்பதையும் சேர்த்துக்கொண்டோம்.

போக முடியாதவர்களுக்குப் புத்தகங்கள் வந்தன. மாஸ்கோவிலேயே தமிழில் அச்சான நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் இங்கே மலிவு விலையில் கொண்டுவந்து சேர்த்தது. பெரல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' அப்படி வந்தது. கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' கதையைப் படிக்காத ஆசிரியர் இருந்தால், படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன் போன்ற மொழிபெயர்ப்பாளர்கள் செய்த வேலை அது.

நான்கு கேள்விகள்

இவற்றையெல்லாம் கதையாகச் சொல்லி விட்டுவிடாமல், எந்தப் பயணத்தையும் பார்க்க நான்கு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினேன்.

1. யார் அனுமதித்தார்?
2. யார் செலவு செய்தார்?
3. எதைக் காட்டினார்கள், எதைக் காட்டவில்லை?
4. திரும்பி வந்து என்ன செய்தார்?

ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு பயணம் கொடுத்தேன். கிழக்கு ஜெர்மனிக் கப்பல், லுமும்பா பல்கலைக்கழக மாணவர், செம்பேன், பெரியார், காமராசர். முதலில் பழகிக்கொள்ள ஊர்ப் பயணம் ஒன்றைச் செய்துபார்த்தோம். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனது. திரும்பி வந்து என்ன செய்தார்கள் என்ற நான்காம் கேள்விக்குப் பதில் எழுத வேண்டியதே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதும், ஊரே அந்தப் பயணத்தின் மேல் நிற்கிறது.

இரண்டு பாடவேளை போதுமானதாக இருந்தது. உலக வரைபடம் ஒன்றும் நான்கு நிற நூல்களும் இருந்தால் சரி. மதிப்பீட்டுக்கு ஒரு சிறு எழுத்துப் பணி கொடுத்தேன்: 'நீ போன ஏதாவது ஒரு பயணத்தை இந்த நான்கு கேள்விகளால் விவரி.'

எனக்குக் கிடைத்த விடைத்தாள்

அந்த மாணவியின் தாளைத் திருத்த எடுத்தேன். அவள் எழுதியிருந்தது இதுதான்:

'போன வருசம் பள்ளிக்கூடத்தில் டூர் போனார்கள். நான் போகவில்லை. பணம் கட்டவில்லை. அந்த ரெண்டு நாளும் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். வகுப்பில் ஒன்பது பேர் இருந்தோம். நாங்கள் ஒன்பது பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.'

அந்தச் சுற்றுலாவுக்குப் பொறுப்பாசிரியர் நான். கன்னியாகுமரி, திருவனந்தபுரம் என்று இரண்டு நாள் திட்டம் போட்டு, தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து அறிவித்தவன் நான். 38 பேரில் 29 பேர் பணம் கட்டியதும் 'நல்ல எண்ணிக்கை' என்று மகிழ்ந்தவனும் நான்தான். மீதி ஒன்பது பேர் அந்த இரண்டு நாளும் என்ன செய்தார்கள் என்று திரும்பி வந்தபின்கூட நான் கேட்டதில்லை. திரும்பி வந்த வாரம், கடற்கரையில் பார்த்ததைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொன்னேன், வகுப்பில் எல்லோரையும்.

யார் செலவு செய்தார், எதைக் காட்டவில்லை என்ற கேள்விகளை மாஸ்கோவுக்கும் பெர்லினுக்கும் கேட்டுக்கொண்டிருந்த நான், என் சொந்தச் சுற்றுலாவுக்குக் கேட்கவில்லை. அன்று அந்தத் தாளில் மதிப்பெண் போட என் கை வரவில்லை. மறுநாள் வகுப்பில் பெயர் சொல்லாமல், சென்ற ஆண்டுச் சுற்றுலாவில் நான் செய்த தவறு இது என்று சொன்னேன். பிள்ளைகள் ஒன்றும் பேசவில்லை. மணி அடித்தபின் அவள் மட்டும் மேசைப் பக்கம் வந்து, "நான் சும்மாதான் சார் எழுதுனேன்" என்றாள்.

எல்லோரும் போன ஒரு நாள்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசினோம். 'எல்லோரும் போக முடிகிற இடத்துக்கு மட்டுமே போவது' என்று முடிவானது. தூரத்தைக் குறைத்தோம், செலவைக் குறைத்தோம். அந்தச் சிறு செலவையும் ஆசிரியர்களும் குழு உறுப்பினர்களும் பகிர்ந்துகொண்டோம். எந்தப் பிள்ளை எவ்வளவு கொடுத்தது என்ற பட்டியலே போடவில்லை. ஒரு சனிக்கிழமை காலை வகுப்பு முழுவதும் விருதுநகருக்குக் கிளம்பியது. காமராசர் நினைவு இல்லத்தைப் பார்ப்பதுதான் பயணம். புளியோதரை பொட்டலம், தண்ணீர்ப் பாட்டில், நான்கு கேள்விகள் எழுதிய ஒரு தாள். அவ்வளவுதான்.

நம் துறை இப்போது போட்டிகளில் வென்ற மாணவர்களை வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவுக்கும், தேர்வான கனவு ஆசிரியர்களைப் பிரான்சுக்கும் அழைத்துப் போயிருக்கிறது. அரசு செலவு செய்து அரசுப் பள்ளிப் பிள்ளை விமானம் ஏறுவது பெரிய விஷயம். அந்த வாய்ப்புக்குத் தயாராக்குவது நம் வேலை. வாய்ப்பு வராத மற்றப் பிள்ளைகளும் ஆண்டுக்கு ஒரு நாளாவது வகுப்போடு சேர்ந்து ஒரு வாசல்படி ஏறுவதும் நம் வேலைதான்.

நினைவு இல்லத்தில் பிள்ளைகள் சின்ன அறைகளைப் பார்த்து, 'எங்க வீடு மாதிரியே இருக்கு' என்று பேசிக்கொண்டார்கள். மாஸ்கோ போனவர் கிளம்பிய வீடு இது என்று சொன்னேன். அந்த மாணவி காமராசரின் தாயார் சிவகாமி அம்மாள் படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என்னிடம் வந்து, "சார், மகன் ஊர் ஊரா போயிருக்காரு. இந்த அம்மா இங்கனயேதான இருந்துருக்காக?" என்றாள்.

கையில் இருந்த தாளை வாங்கி, நான்கு கேள்விகளுக்குக் கீழே அவள் சொன்னதை ஐந்தாவதாக எழுதினேன்: 'வீட்டில் இருந்தவர் யார்?'

இந்த ஆண்டு அந்தப் பாடத்தை ஐந்து கேள்விகளோடு தொடங்கப் போகிறேன். உங்கள் வகுப்பில் செய்து பார்த்தால், உங்கள் பிள்ளைகள் கேட்கும் ஆறாவது கேள்வியை எழுதி அனுப்புங்கள்.